சிவப்புக் கோடும் ஊமல் பையும்

ஆஸ்பத்திரிக் கந்தோரில் என் மேசையில் எப்போதும் மூன்று சாமான்கள் இருந்தன: வரவுப் பதிவேடு, அடிமட்டம், சிவப்புப் பேனை. காலை எட்டு மணியானதும் கடைசியாக விழுந்திருக்கும் கையெழுத்துக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு கீறுவேன். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தி வந்தவர். அவருக்கு அரைநாள் சம்பளம் வெட்டு. அரசாங்கக் கந்தோர்களில் இது ஒன்றும் புதினமில்லை. ஆனால் என்னைப்போல் அந்தக் கோட்டை ருசித்துக் கீறியவர்கள் குறைவு என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது தொண்ணூறாம் ஆண்டின் மாரிகாலம். வலிகாமத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. நான் அங்கே பிரதம லிகிதர். டொக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் நான் ‘சி.சி.’, அதாவது சீஃப் கிளார்க். மின்சாரம் போய் மாதக்கணக்காகிவிட்டது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, ஒரு கட்டி சவர்க்காரம் கிடைத்தால் அன்றைக்கு அதுதான் ஊர்க்கதை. சத்திரசிகிச்சைத் துணிகளை அவிக்கும் மின் இயந்திரம் மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதற்குப் பதிலாகப் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு, இறுக்கி மூடக்கூடிய பழைய காலத்துப் பாத்திரம் ஒன்றை விறகடுப்பில் ஏற்றியிருந்தோம். காயம் கட்டும் துணி, பஞ்சு, டொக்டரின் அங்கி எல்லாவற்றையும் வட்டத் தகர ட்ரம்களில் அடைத்து, அந்தப் பாத்திரத்துக்குள் வைத்து நீராவியில் அவிக்க வேண்டும். அவித்த ட்ரம் இல்லையென்றால் ஒப்பரேசன் தியேட்டரில் ஒருவர் மேலும் கத்தி வைக்க முடியாது.

கொட்டிலில் நாட்கூலிக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டு நின்றுவிட, மற்றவள்தான் மிச்சம். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். இரண்டு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில், அகதிகளாக வந்த மற்றக் குடும்பங்களோடு தங்கியிருந்தாள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை. அதிகம் கதைக்க மாட்டாள்.

எனக்கு முன்பிருந்த பிரதம லிகிதர் பொறுப்பை ஒப்படைத்த நாளில், பதிவேட்டைக் காட்டி, “உது மேசையிலை கிடக்கும். அவை வந்து கையெழுத்துப் போடுவினம். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ” என்றார். நான் சிரித்தேன். அவர் போன பிறகு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எட்டே கால், எட்டரை, ஒருவர் மத்தியானம் பன்னிரண்டுக்கு! ஓய்வூதியத்துக்குக் காத்திருந்த மனிதர் கந்தோரை மடமாக்கிவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நேரே வேலைக்குப் போய்விட்டு, கை ஓய்ந்தபோது வந்து கையெழுத்து வைத்தவர்கள் அவர்கள் என்பது எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

நான் கொழும்பில் ஒரு திணைக்களத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன். அங்கே என் அதிகாரிக்கு மனிதரைப் பற்றி ஒரே ஒரு நம்பிக்கைதான்: கண் பார்த்தால்தான் கை வேலை செய்யும். அவர் கதவிடுக்கால் பார்ப்பார், கழிவறைக்குப் போன நேரத்தைக்கூடக் குறிப்பார். அந்தக் கந்தோரில் அவர் திரும்பினால் தலை குனிந்திருக்கும், மறுபக்கம் திரும்பினால் பத்திரிகை விரிந்திருக்கும். பார், இவர் சொன்னது எவ்வளவு சரி என்று நான் வியந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்து, மாற்றுடுப்பு ஒன்றோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோதும் அந்த நம்பிக்கையை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தேன்.

முதல் உரசல் அவள் பிந்தி வந்த ஒரு காலையில் வந்தது. எட்டு இருபது. பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல், பக்கத்தில் பார்க்க ஆளில்லை என்றாள். கந்தோரில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது.

“வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் என்னிடம் ஒரு காரணமும் சொன்னதில்லை. பிந்தி வருவதும் நின்றது. எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே வருவாள். நாலரை அடித்ததும் போய்விடுவாள். கோடு வேலை செய்கிறது என்று நான் மனம் குளிர்ந்துபோனேன்.

ஆனால் ஒரு கிழமைக்குள் டொக்டர் கந்தோருக்கு வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“சி.சி., முந்தி ஒன்பது மணிக்கு முதல் ட்ரம் வந்திடும். இப்ப பத்தரையாகுது. என்ன நடக்குது?”

முன்பு அந்தப் பெண்கள் ஆறரைக்கே வந்து அடுப்பு மூட்டினார்கள். அதனால்தான் ஒன்பதுக்கு ட்ரம் வந்தது. யாரும் சொல்லிச் செய்த வேலையில்லை அது. நான் சட்டம் பேசத் தொடங்கியதும் அவளும் சட்டப்படி எட்டுக்கு வந்தாள். இவ்வளவும் இப்போது விளங்குகிறது. அன்றைக்கு நான் டொக்டருக்குச் சொன்ன பதில் வேறு.

“வேலைக்கள்ளர், டொக்டர். இன்னும் கொஞ்சம் இறுக்க வேணும்.”

இறுக்குவதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். சவர்க்காரமும் துணியும் பொன்னாக இருந்த காலம். அவளோ தினமும் ஒரு சாக்குப் பையோடு வந்தாள். போகும்போது அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். ஏழைப் பெண், கையில் பை, உள்ளே சவர்க்காரம். எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இனிமேல் சிற்றூழியர் எவரும் பையோடு வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒரு கடதாசியில் எழுதி, காவலாளியின் கதிரைக்கு மேலே ஒட்டுவித்தேன்.

மறுநாள் காலை அவள் வாசலில் நின்றாள். நான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

“ஐயா, பைக்குள்ளை வேறை ஒண்டுமில்லை. அடுப்புக்கு...”

“பை உள்ளுக்கு வராது. அவ்வளவுதான்.”

அவள் சொல்லவந்ததை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வீதிச் சென்றியில், இராணுவக் காவலரணில், என் சாப்பாட்டுப் பையை ஒரு சிப்பாய் தெருவில் கவிழ்த்துக் கொட்டியபோது எனக்கு எப்படிக் கொதித்தது! புட்டுப் பார்சல் மண்ணில் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கொதிப்பும் என் கடதாசியும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு வந்தது அந்தக் கார்த்திகைக் காலை. மூன்று நாள் விடாத மழை அன்றுதான் வெளித்திருந்தது. வெளித்ததும் பொம்மர் வந்தது. ஏழேகாலுக்கு வட்டமடிக்கத் தொடங்கியது, கிழக்கே எங்கோ இரண்டு குண்டு போட்டது. நான் எங்கள் வீட்டுப் பங்கருக்குள் கிடந்துவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் ஒரே மிதியாக மிதித்து எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கந்தோருக்கு வந்தேன். என் வீடு அரை மைலில். என்னால் வர முடிந்ததென்றால் எல்லோராலும் முடியும் என்பது என் கணக்கு. எட்டு மணிக்கு அடிமட்டத்தை வைத்துக் கோட்டைக் கீறினேன். அவளுடைய கையெழுத்து இல்லை. பிடித்தேன் கள்ளியை என்று ஒரு சந்தோசம்கூட வந்தது.

எட்டரைக்கு ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் மண்ணெண்ணெய்ப் புகையோடு உள்ளே வந்தது. பின்பெட்டியில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர், தோட்டத்துக்குள் நின்றபோது குண்டுச் சிதறல் இடது காலில் பாய்ந்திருந்தது. அயலவர்கள் தொடையில் ஒரு சாரத்தை முறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மனைவி கூடவே வந்தாள். கை முழுக்க மண், அதற்கு மேல் இரத்தம். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வாகனமில்லை. மேலே ஹெலி வேறு சுற்றத் தொடங்கியிருந்தது.

டொக்டர் கையைக் கழுவியபடியே என்னைக் கூப்பிட்டார்.

“எட்டு மணிக்குக் கட்டினதாம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலை விட்டால் கால் செத்துப்போம். இப்ப அவிழ்த்தால் ஆள் போயிடுவார். எனக்கு ஒரு ட்ரம் வேணும் சி.சி. ஒண்டு போதும்.”

மிச்சமிருந்த ட்ரம் விடியற்புறம் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டது. நான் பின்வளவுக்கு ஓடினேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. துணிகள் ட்ரம்களில் அடைத்தபடி தயாராக இருந்தன. முதல்நாள் நாலரைக்கு முன் அவள் அடைத்து வைத்தவை. மூட்ட வேண்டியது நெருப்பு மட்டும்தான்.

காவலாளியும் நானும் விறகை அடுக்கினோம். மூன்று நாள் மழை குடித்த விறகு. பழைய பதிவேட்டுத் தாள்களைக் கிழித்துக் கொளுத்தினேன். தாள் எரிந்தது, விறகு புகைந்தது. களஞ்சியத்திலிருந்து விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் அரைப் போத்தல் ஊற்றினேன். குப்பென்று எழும்பி, ஊற்றியது தீர்ந்ததும் அடங்கிவிட்டது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. எட்டு ஐம்பது.

“அவள் இந்த ஈர விறகை எப்பிடி மூட்டுறவள்?” என்று கத்தினேன்.

காவலாளி என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். “அவ ஊமல் கொண்டு வாறவ ஐயா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை பனங்காணி. பொறுக்கிக் காயவைச்சு, பையிலை கட்டிக்கொண்டு வருவா. ஊமல் பத்தினால் எந்த ஈர விறகும் பிடிச்சிடும். பை வேண்டாம் எண்டு நீங்கள் சொன்ன பிறகு, முந்திக் கொண்டுவந்து மூலையிலை குவிச்சதை வைச்சுச் சமாளிச்சவ. அது நேற்றோடை முடிஞ்சுது.”

கிழங்கெடுத்த பிறகு வீசும் பனங்கொட்டைக் கோது. யாரும் தேடாத பொருள். அதை ஒரு பெண் தன் பாட்டில் பொறுக்கி, காயவைத்து, இரண்டு மைல் சுமந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். பையைக் கண்டதும் வெளியே என்ன போகிறது என்றுதான் யோசித்தேனே தவிர, உள்ளே ஏதாவது வரலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் நேரமில்லை.

சைக்கிளை எடுக்க முன்பக்கம் வந்தபோது, தியேட்டர் வாசல் வாங்கில் இருந்த தோட்டக்காரரின் மனைவி எழுந்தாள்.

“ஏன் ஐயா இன்னும் தொடங்கேல்லை? அவருக்குக் கால் விறைக்குதாம்.”

“இப்ப தொடங்கிடுவினம், அம்மா” என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பாராமல் மிதித்தேன்.

ஹெலி இரண்டு முறை தாழ்ந்து வந்தது. ஒருமுறை வேலியோரம் சைக்கிளோடு விழுந்து கிடந்தேன். பள்ளிக்கூடத்தை அடைந்தபோது ஒன்பது பத்து. அவள் வகுப்பறை விறாந்தையில் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் சீலை கட்டியிருந்தாள். முழங்கால் வரை சேறு. சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் சில்லிலும் ஈரச் சேறு.

என்னைக் கண்டதும் எழும்பினாள். முகத்தில் பயம்தான் தெரிந்தது.

“ஐயா, நான் வந்தனான். பொம்மர் அடங்கின உடனை வெளிக்கிட்டனான். சந்தியிலை ஒராளிட்டை நேரம் கேட்டன். எட்டேகால் எண்டார். அதுதான் திரும்பினனான்.”

“சந்தி வரைக்கும் வந்திட்டு ஏன் திரும்பினீர்?”

“கோடு விழுந்திருக்குமே, ஐயா” என்றாள். “வந்தாலும் அரைநாள்தானே. அதோடை எல்லாருக்கும் முன்னாலை பேச்சும் வாங்க வேணும். பின்னேரத்துக்கு வருவமெண்டு நினைச்சன்.”

குரலில் கோபமில்லை. சந்தியிலிருந்து ஆஸ்பத்திரி கால் மைல்கூட இல்லை. குண்டு விழுந்த பாதையால் வந்தவள், என் அடிமட்டத்துக்குப் பயந்து திரும்பிவிட்டாள். நான் விசயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கமுன் பிள்ளையைப் பக்கத்துக் கிழவியின் கையில் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த சாக்கில் ஊமலை அள்ளத் தொடங்கினாள். கட்டித் தூக்கியவள், திடீரென்று நின்றாள்.

“பை கொண்டு வரலாமோ, ஐயா? வாசலிலை விடுவினமோ?”

பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். சாக்கை வாங்கி என் சைக்கிளில் கட்டினேன்.

நாங்கள் திரும்பியபோது ஒன்பது முப்பத்தைந்து. அவள் அடுப்புக்குள் நான் திணித்திருந்த விறகு முழுவதையும் வெளியே இழுத்தாள். ஊமலைக் குவித்து, நடுவில் பன்னாடை வைத்துக் கொளுத்தி, அது சிவந்ததும் மெல்லிய விறகிலிருந்து ஒவ்வொன்றாக வைத்தாள். வழக்கமான இரண்டரை மணித்தியாலம் ஆகாமலிருக்க, ஒரே ஒரு ட்ரம்மைக் குறைந்த தண்ணீரில் வைத்தாள். ஐந்து நிமிடத்தில் நெருப்பு பாத்திரத்தின் அடியைப் பிடித்தது. ஆனால் தண்ணீர் கொதிக்க வேண்டும், ஆவி ஏற வேண்டும், ஏறிய பிறகு அரைமணி நேரம் நிற்க வேண்டும். அதில் ஒரு நிமிடத்தையும் யாரும் வெட்ட முடியாது. நான் கையில் மணிக்கூட்டோடு பக்கத்தில் நின்றேன். கண் பார்த்தால் வேலை நடக்கும் என்று நம்பிய ஆள், நீராவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. டொக்டர் இரண்டு தடவை ஆளனுப்பிக் கேட்டார். பத்து முப்பத்தைந்துக்கு அவள் கையில் துணி சுற்றி ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினாள்.

தோட்டக்காரர் பிழைத்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பின்னேரம் டொக்டரிடம், ஒரு மணித்தியாலம் முந்திக் கொடுத்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அவர், “தெரியேல்லை சி.சி. உதை என்னட்டைக் கேளாதேங்கோ” என்றார். ட்ரம் ஏன் பிந்தியது என்று ஒரு அறிக்கை மட்டும் கேட்டார்.

அறிக்கையில் இரண்டு வழிதான் இருந்தது. அவள் வரவில்லை என்று எழுதினால் அது பொய்யில்லை. நாட்கூலிக்காரி, அடுத்த நாளே நிறுத்திவிடலாம். என் கோட்டையும் என் கடதாசியையும் எழுதினால் நான் மாட்டுவேன். நான் மூன்றாவதை எழுதினேன்: ‘விமானத் தாக்குதலினால் ஏற்பட்ட போக்குவரத்துத் தடங்கல்’. அவளுக்கும் வேலை போகவில்லை, எனக்கும் பெயர் கெடவில்லை. வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் அதற்குத்தான் முதலிடம். தோட்டக்காரரின் மனைவி போகும்போது என் கையைப் பிடித்து, ஹெலிக்குள்ளும் போய் ஆளைக் கூட்டி வந்தீர்களாமே, கடவுள் உங்களை நல்லா வைத்திருப்பார் என்றாள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடதாசியைக் கிழித்தேன். பேனையையும் அடிமட்டத்தையும் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். இனிக் கோடு இல்லை, வந்தவுடன் போய் வேலையைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொன்னேன். பழையபடி ஆறரைக்கு அடுப்புப் புகையும் என்று நினைத்தேன். ஒருவரும் ஆறரைக்கு வரவில்லை. கிழமைகள் போயும் எட்டுக்கு இரண்டு நிமிடம்தான். ஆளை நம்பாமல் கெடுப்பதற்கு எனக்கு ஒரு மாதம் போதுமாக இருந்தது. அதைத் திருப்ப எத்தனை மாதமாகும் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை.

மார்கழியில் ஒரு காலை அவள் எட்டுப் பத்துக்கு வந்தாள். கையில் ஊமல் பை. சைக்கிள் ரியூப் வெடித்து, உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதையும் காவலாளிதான் பிறகு சொன்னார். பதிவேட்டைக் குனிந்து பார்த்தாள்.

“கோடு கீறேல்லையோ, ஐயா?”

“அதுதான் சொன்னேனே, இனிக் கோடு இல்லை. போட்டிட்டுப் போம், பிள்ளை.”

அவள் போகவில்லை. பையை நிலத்தில் வைத்தாள்.

“பேனையை ஒருக்காத் தாங்கோ.”

“என்னத்துக்கு?”

“இண்டைக்கு உங்களுக்கு நல்ல மனம். நாளைக்கு மாறினால், பிந்தி வந்திட்டுக் களவாய்க் கோட்டுக்கு மேலை கையெழுத்து வைச்சவள் எண்டு சொல்லுவியள். எழுத்திலை கிடக்கட்டும்.”

லாச்சியைத் திறந்து சிவப்புப் பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, இடக்கையால் அழுத்திப் பிடித்து, கோட்டை அவளே கீறினாள். அதன் கீழே தன் பெயரை எழுதினாள். பேனையை மூடி என் முன்னால் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்றைக்குக் காயக்காரர் அதிகம். அவள் ஆறு மணி வரைக்கும் நின்று ட்ரம் அவித்தாள். பதிவேட்டில் அவளுக்கு அரைநாள்தான் இருந்தது.